இறந்தவர் ராஜினாமா செய்ய முடியாது

அந்த ஞாயிறு மதியம் என் வீட்டு மேசையில் இருந்தவர்கள்: நாடாளுமன்ற உறுப்பினர் அம்ப்ருவாஸ் ஷவனோன், அவர் மனைவி சொலாஞ், எங்கள் ஊர் மன்றக் காரியதரிசி மிரெய், ஊரின் மேயரான நான். மேசைக்கு அடியில் என் நாய். முயல் கறி நன்றாக வந்திருந்தது. சொலாஞ் கேட்டு வாங்கி இரண்டாம் முறை சாப்பிட்டாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம்.

அம்ப்ருவாஸ் பல் வைத்தியர். ஜனங்களை வாய் திறக்க வைத்து, பேச விடாமல் தானே பேசி ஓட்டு வாங்கியவர் என்று எங்கள் ஜுரா மலைப்பக்கம் கேலி செய்வார்கள். முப்பது வயதில் பக்கத்து நகரத்தின் மன்ற உறுப்பினர், முப்பத்தெட்டில் அதன் மேயர், பிறகு மாவட்டக் கவுன்சில், பிறகு பாரிஸ். நாடாளுமன்றத்துக்கு நான்கு முறை வென்றார். நான்கு முறையும் வாக்குச்சீட்டில் அவர் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், என் பெயர்: ரெஜிஸ் போன்வாலே, மாற்று உறுப்பினர்.

மாற்று உறுப்பினரின் வேலை காத்திருப்பது. உறுப்பினர் மந்திரியானால் நாற்காலி எனக்கு. மந்திரிசபை மாறும்போதெல்லாம் கோட்டுக்கு இஸ்திரி போட்டு வானொலி முன் உட்கார்வேன். சுற்றுலாவுக்குக் கிளம்பும் பள்ளிப்பிள்ளை மாதிரி இருக்கும். பதினெட்டு வருஷத்தில் ஏழு முறை இஸ்திரி போட்டேன். மந்திரிகள் பட்டியலில் அவர் பெயரை ஒருமுறையும் வாசிக்கவில்லை.

உறுப்பினர் இறந்தாலும் நாற்காலி எனக்குத்தான். அவர் ராஜினாமா செய்தால் மட்டும் கிடையாது; இடைத்தேர்தல் வரும். இதை நான் எழுதவில்லை மேடம், சட்டம் எழுதியது.

சாப்பாட்டின் முடிவில் பாலாடைக்கட்டி வந்த நேரத்தில் அம்ப்ருவாஸ் சட்டைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து ஆட்டினார்.

"ராஜினாமாடா ரெஜிஸ். நாளைக்குத் தபால்ல போடறேன். இனிமே ஏரி, தூண்டில், தூக்கம்."

"விளையாடாதீங்க தலைவரே."

"விளையாடத்தான் போறேன்னு சொல்றேனே."

"இவரு வீட்டுக்கு வந்தா நான் பாரிசுக்குப் போயிடுவேன்," என்றாள் சொலாஞ்.

மிரெய் என் பக்கம் திரும்பினாள். "இடைத்தேர்தல்ல நீங்க நில்லுங்க மேயரே. கவுன்சிலுக்குத் தனியா நின்னப்ப எவ்வளவு விழுந்துச்சு, நாலு சதவீதமா?"

"நாலரை," என்றேன்.

கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தலை லேசானது. கல்யாணத்தில் ஆடி ஆடிக் கடைசியில் கால் தரையில் பாவாமல் போகுமே, அப்படி. தபால் நாளைக்குத்தான். இன்று ஞாயிறு. இறந்தவர் ராஜினாமா செய்ய முடியாது.

பத்து நாள் கழித்து நான் பாரிசில் இருந்தேன். நாடாளுமன்ற வாசலில் காவலர் விறைத்து நின்று வணக்கம் வைத்தார். மறந்ததை எடுப்பதுபோல வெளியே போய்த் திரும்பி வந்தேன். இன்னொரு வணக்கம். மூன்று முறை போய் வந்தேன். என் இருக்கையின் சிவப்பு வெல்வெட்டை யாரும் பார்க்காதபோது தடவினேன். அம்ப்ருவாஸுக்காகச் சபை எழுந்து மௌனம் காத்தது. அந்த மௌனத்தில் எனக்கு வாய்விட்டுப் பாட வேண்டும்போல இருந்தது. அடக்கிக்கொண்டேன். மரியாதை தெரிந்தவன் நான்.

அவருக்கும் நல்லதுதான் செய்தேன். பதவியோடு போனார், மூவர்ணக் கொடி போர்த்திப் போனார். தூண்டிலோடு செத்துக்கிடக்கும் பல் வைத்தியருக்கு யார் கொடி போர்த்துவார்கள்?

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் என் வீட்டு ஒயின் நிலவறைக்கு வருகிறேன், நீதிபதி மேடம். பெண்கள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். "இந்த வருஷச் சரக்கு எப்படிடா இருக்கு? காட்டேன்," என்றார் அம்ப்ருவாஸ். திராட்சைச் சாறு தொட்டிகளில் நொதிக்கும் வாரம் அது. அந்த வாரத்தில் நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றித்தான் கீழே இறங்குவோம். சுடர் அணைந்தால், நொதிப்பில் கிளம்பும் வாயு நிறைந்து கீழே மூச்சுவிடக் காற்றில்லை என்று அர்த்தம். உடனே மேலே ஓடிவிட வேண்டும். நகரத்துப் பல் வைத்தியருக்கு இது தெரியாது. அவர் கையில் டார்ச் விளக்கைக் கொடுத்தேன். டார்ச் அணையாது.

அரை மணி கழித்து நானே நிலவறைக் கதவைத் திறந்தேன், நானே ஆள் கூப்பிட்டேன். விபத்து என்று எழுதினார்கள். மிரெய்க்குக் கூர்மையான காது என்று எனக்கு அப்போது தெரியாது. சாவி திரும்பும் சத்தத்தை நான்கு மாதம் மனதிலேயே வைத்திருந்து உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவள் கேட்டது சரிதான்.

"நீ வரலையாடா?" என்றார் அம்ப்ருவாஸ், பாதிப் படியில் நின்று.

"டம்ளர் எடுத்துட்டு வரேன் தலைவரே. கடைசித் தொட்டிகிட்ட போங்க, நுரைக்கிற சத்தம் அங்கதான் நல்லா கேக்கும்."

சந்தோஷமாக இறங்கினார். கதவைச் சாத்தினேன். சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினேன்.