வெள்ளிக்கிழமை அஞ்சு மணி

ஷரீபா: அந்த மூட்டையக் கீழ வைங்க மச்சான். ரயில்லேருந்து எறங்கி இன்னும் மூஞ்சி கூட கழுவல, அத மடியில வச்சுகிட்டு...

ஹக்: மணி என்னா?

ஷரீபா: நாலரை.

ஹக்: இன்னிக்கி என்னா கெழம?

ஷரீபா: ...வெள்ளி.

ஹக்: வெள்ளிக்கெழம அஞ்சு மணிக்கு என்னா?

ஷரீபா: டீ.

ஹக்: டீயாம்! நாலு வருஷமா நான் சைகோன்ல, நீ கடலூர்ல. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே பாட்டுப் பிளேட்ட வச்சுக் கேட்டோம். ஒனக்கு அஞ்சு, எனக்கு ஏழரை. இன்னிக்கித்தான் ஒரே வூட்டுல ஒக்காந்து கேக்கப் போறோம். இவ என்னமோ டீங்கறா!

ஷரீபா: எதுல வச்சுக் கேக்குறது? கிராமபோன் பொட்டிதான் ரிப்பேராச்சே. சிதம்பரத்துல ராஜாமணி கடையில குடுத்திருக்குன்னு எழுதுனேனே, அந்தக் கடுதாசி வரலியா?

ஹக்: வந்துச்சு. அதனாலதான் நாகப்பட்டினத்துல கப்பல விட்டு எறங்கி, வர்ற வழியில சிதம்பரத்துலயும் எறங்கி அவரு கடைக்கிப் போனேன். இந்தா, மூட்டையப் பிரி.

ஷரீபா: யா அல்லா... இதையா தூக்கிட்டு வந்தீங்க?

ஹக்: ராஜாமணி என்னா சொன்னாரு தெரியுமா? "பாய், இதுல ஒரு கோளாறும் இல்ல. பிரிச்சுப் பாத்தேன், அப்படியே மூடி வச்சிட்டேன்"ன்னாரு.

ஷரீபா: அவரு பாத்த லட்சணம்! ஒரு மாதிரி கரகரன்னு சத்தம் வந்துச்சு... எனக்குக் கேட்டுச்சு.

ஹக்: ஊசி டப்பி கூட பிரிக்கவே இல்லியே?

ஷரீபா: பழைய ஊசியிலேயே ஓட்டுனேன். சிக்கனம்.

ஹக்: நாலு வருஷம் ஒரே ஊசியிலயா?

ஷரீபா: வட்டலப்பம் செஞ்சிருக்கேன். கொண்டாறவா?

ஹக்: பேச்ச மாத்தாத புள்ள. மொதல்ல எதப் போடலாம், நீ சொல்லு. டாங்கோவா? நாலு வயலினா?

ஷரீபா: டாங்கோ. பசியோட நாலு வயலினக் கேக்கக் கூடாது.

ஹக்: பாத்தியா, பாத்தியா! இந்த மாதிரி யாரு சொல்லுவா? நான் சொல்றேன், செவப்புச் சீட்டு ஒட்டுன டாங்கோவுலேருந்து ஆரம்பிப்போம். அர்ஜென்டினா ஆளுங்க அந்தத் துருத்திப் பொட்டிய ஒரு இழு இழுத்து நிறுத்துவாங்க பாரு... மூச்சு வாங்குற மாதிரி...

ஷரீபா: கோவிச்சுகிட்டு வாசப்படி வரைக்கும் போயிட்டுத் திரும்பிப் பாக்குற மாதிரி.

ஹக்: அதான்! அப்படித்தான் எழுதியிருந்தே. அதுக்கப்புறம் நாலு வயலினு. ஒரே பாட்டு, நாலு பிளேட்டு, எட்டுப் பக்கம். அந்தப் பிரெஞ்சு டாக்டரு ஊருக்குப் போறப்ப எனக்குக் குடுத்துட்டுப் போனாரே, அது. கடையில வேல பாக்குற பயலுவகிட்ட ஒன் கடுதாசியப் படிச்சுக் காட்டுனேன்...

ஷரீபா: ஐயையோ! அதையா?

ஹக்: "மொத வயலினு மாமி. ஓயாம சொல்லிகிட்டே இருக்கு. ரெண்டாவது நான், ஆமா மாமி, ஆமா மாமின்னு பின்னாடியே போறேன். மூணாவது அடுத்த வூட்டு ஜெயமேரி, ரெண்டு பக்கமும் பேசுது. நிக்க வச்சு வாசிக்கிற பெரிய வயலினு மட்டும் தூரத்துல இருக்குற ஆம்பள மாதிரி ஒத்தையில மொனகுது."

ஷரீபா: மெதுவா! ஒங்க உம்மா அடுப்படியில இருக்காங்க.

ஹக்: அதப் படிச்சுட்டு எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல. ஆனா சந்தோஷமா இருந்துச்சு. சரி, எழுந்திரு. பிளேட்ட எடு.

ஷரீபா: பரண் மேல இருக்கு. நாளைக்கி...

ஹக்: நான் ஏறுறேன்.

ஷரீபா: தேளு இருக்கு!

ஹக்: தேளா? வாராவாரம் எடுத்துக் கேக்குற பிளேட்டுலயா?

சைனம்பு: அடியே ஷரீபா! எம் மவனுக்கு மாங்கா ஊறுகா வேணுமா கேளு. இந்தா, நானே ஜாடியோட கொண்டாந்துட்டேன். தின்னுப் பாருடா வாப்பா.

ஷரீபா: மாமி... அது இப்ப எதுக்கு மாமி...

ஹக்: உம்மா, இந்த ஜாடிக்கு மூடி என்னா கறுப்பா... கிண்ணம் மாதிரி? நடுவுல ஒரு ஓட்ட... செவப்புச் சீட்டு...

ஷரீபா: மச்சான்...

ஹக்: ஷரீபா, இது டாங்கோ.

சைனம்பு: நல்ல மூடிடா. எறும்பு அண்டாது. பானைக்கி நாலு, ஜாடிக்கி மூணுன்னு வச்சிருக்கோம். நான் டீயப் பாக்குறேன், பொங்கிடப் போவுது.

ஹக்: ...என்னா நடந்துச்சு?

ஷரீபா: திட்ட மாட்டீங்களே?

ஹக்: சொல்லு.

ஷரீபா: நீங்க அனுப்புன பிளேட்டுப் பொட்டி வந்துச்சில்ல, தொறமுகத்துல படகுல எறக்குறப்ப அலை அடிச்சு நனஞ்சு போச்சு. கிராமபோன் தனியா வந்துச்சு, தப்பிச்சுது. பிளேட்டுல்லாம் ஒரே உப்புத் தண்ணி. உப்பு பூத்துடுமேன்னு நல்ல தண்ணியில அலம்பி...

ஹக்: அலம்பி?

ஷரீபா: மொட்ட மாடியில காயப் போட்டேன்.

ஹக்: எங்கே?

ஷரீபா: வடவத்துக்குப் பக்கத்துல. பாய் விரிச்சுத்தான்.

ஹக்: எந்த மாசம்?

ஷரீபா: ...சித்திரை.

ஹக்: சித்திரை வெயில்ல! மொட்ட மாடியில! எத்தன தேறுச்சு?

ஷரீபா: ஒண்ணும் தேறல. சாயந்தரம் போயிப் பாத்தா பதினாலும் அப்பளம் மாதிரி... சிரிக்காதீங்க மச்சான்! நான் அன்னிக்கி எப்படி அழுதேன் தெரியுமா?

ஹக்: நான் சிரிக்கல... இரு... வடவம் நல்லாக் காஞ்சுதா?

ஷரீபா: அது நல்லாத்தான் காஞ்சுது.

ஹக்: அப்ப ஒரு நாளு, ஒரு பக்கம் கூட நீ கேட்டதில்ல?

ஷரீபா: இல்ல. நீங்க எழுதுறதப் படிச்சு, இப்படித்தான் இருக்கும்னு நெனச்சு எழுதுவேன். வேற என்னா செய்யிறது? மத்தவுங்க வூட்டுல சலாம், சொகம், மூணாவது வரியில கடுதாசி முடிஞ்சு போவுது. ஒங்க கடுதாசி மட்டும் எட்டுப் பக்கம். எல்லாம் அந்தப் பாட்டப் பத்தித்தான். பிளேட்டு போச்சுன்னு சொன்னா கடுதாசியும் நின்னுடுமோன்னு பயம் மச்சான். நெசமா ரொம்ப பயந்தேன்.

ஹக்: பைத்தியம்.

ஷரீபா: கோவமா?

ஹக்: இந்தக் கிண்ணத்துல ஊறுகாய வச்சு எனக்கு ஊட்டி வுடு. கோவம் போயிடும்.

ஷரீபா: சீ, மாமி வந்துடுவாங்க! ...அய்யோ, நான் ஒரு மடச்சி. இதுக்குப் போயி இவ்வளவு நேரம் நடுங்கிகிட்டிருந்தேன். நீங்க அங்க வச்சுக் கேட்ட பிளேட்டு இருக்கே!

ஹக்: எது?

ஷரீபா: "ஒனக்கு அனுப்புன மாதிரியே இன்னொரு செட்டு வாங்கிட்டேன், கிராமபோனும் வாங்கிட்டேன்"னு எழுதுனீங்களே. அத எடுங்க. நீங்க கொண்டாந்த இரும்புப் பொட்டியிலதானே இருக்கு? சாவியக் குடுங்க. அஞ்சு ஆவ ரெண்டு நிமிஷம் இருக்கு!

ஹக்: டீ வருதா பாரு.

ஷரீபா: வரும், வரும். சாவி எங்க?

ஹக்: மூஞ்சி வேற இன்னும் கழுவல...

ஷரீபா: மச்சான், என் மூஞ்சியப் பாருங்க. போன மாசம் கூட எழுதுனீங்களே, "இந்த வாரம் எட்டாவது பக்கம் கேட்டேன், பெரிய வயலினு கடைசியில வூடு வந்து சேந்துடுது"ன்னு?

ஹக்: அது அதுக்கு முந்தின மாசம் நீ எழுதுனது ஷரீபா. இருந்த பதினாலையும் ஒனக்கே அனுப்பிட்டேன், இருந்த ஒரு கிராமபோனையும் அனுப்பிட்டேன். வெள்ளிக்கெழம ஏழரை மணிக்கு நான் கேட்டதெல்லாம் ஒன் கடுதாசியத்தான்.