பச்சை ரோடு

காலை ஏழு மணிக்கு ராசிபுரத்தில் சேலம் பஸ் ஏறி எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்த பெண், போனில் மேப்பைப் பார்த்தபடி, அதிலேயே யாரிடமோ சொன்னாள்: "பெங்களூருல அந்தப் பக்கம் ஒரே செவப்புங்க. அதுல போயறாதீங்க."

அவள் பக்கத்தில் இருந்த அம்மா விடவில்லை. "பெங்களூருல இருந்தீங்களா?"

"நான் பார்த்ததே இல்லைங்க. ஊட்டுக்காரரு முட்டை லாரி ஓட்டறாரு. ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு மேப் பார்க்க முடியாதுன்னு என்னையப் பார்க்கச் சொல்லிட்டாரு. இந்தா, அவரு அனுப்பின லொகேஷன்ல இந்த நீலப் புள்ளிதான் அவரு."

ஸ்பீக்கரில் ஆண் குரல்: "சாமி, எட்டு மணிக்கு மேல லாரிய ஊருக்குள்ள உட மாட்டாங்க. சீக்கிரம் சொல்லு."

"சோத்தாங்கைப் பக்கம் ஒரு ரோடு பச்சையா, காலியாக் கெடக்குது. திரும்பிருங்க."

அந்த அம்மா, "பரவால்லையே!" என்றார்.

பஸ் மல்லூர் தாண்டியது.

"ஏனுங்க, பச்சையா இருந்த ரோடு செவந்துக்கிட்டே வருது?"

போனில் ஹாரன் சத்தம்தான் முதலில் வந்தது. அப்புறம் அவர்: "முன்னால ரயில்வே பாலம், தாழ்வா இருக்குது. உட்டா மேலடுக்கு முட்டை பூராவும் போயிரும். பின்னால காரா நிக்குது, ரிவர்ஸும் எடுக்க முடியல. இது காரு போற வழி சாமி."

"வேற வழி இருக்குதான்னு பாருங்க," என்றார் பக்கத்து அம்மா.

அவள் திரையை விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள்.

"மத்த ரோடெல்லாம் பச்சையாயிருச்சுங்க. இப்பச் செவப்பா இருக்கறது எங்க ஊட்டுக்காரரு மட்டுந்தானுங்க."