ஆடிக் கிருத்திகையில் ஓர் ஆய்வு

கம்ப்யூட்டருக்கு முதல் எதிரி தூசிதான், இன்ஸ்பெக்டர் சார். திருத்தணியில் அதற்குப் பஞ்சமே இல்லை. மலையடிவாரத்தில் ஒரு லாரி போனால் போதும், எங்கள் பள்ளி மேசைமேல் விரலால் பெயர் எழுதலாம்.

அதனால்தான் அரசாங்கம் கணினிகளைக் கொடுத்தபோது அந்த அறையின் ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்தேன். ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்துத் துணியுறை தைத்துப் போட்டேன். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். சாவி தலைமையாசிரியரான என்னிடம் மட்டும்தான் இருக்கும். பிள்ளைகளைத் தொடவிடுவதில்லை என்று பலர் குறை சொன்னார்கள். தொடாததால்தான் இத்தனை வருடத்தில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை என்பதை யாரும் சொல்லவில்லை.

நான் மடப்பள்ளிக் குடும்பம். என் அப்பா மலைமேல் சுவாமிக்கு நைவேத்தியம் சமைத்தவர். படைத்து முடிக்கும்வரை உப்புச் சரியா என்று ஒரு பருக்கையைக்கூட நாக்கில் வைக்க மாட்டார். வாசனை பிடிப்பதுகூடத் தப்பு என்பார். அந்த வீட்டில் வளர்ந்தவன் கையில் கணினிகளைக் கொடுத்தால் அவனும் அப்படித்தான் காப்பான். இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது.

அனுராதா டீச்சர் மணவூரிலிருந்து தினமும் ரயிலில் வருவார். அறிவியல் எடுப்பார். கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. மாலையில் எனக்கு முன்னால் உட்கார்ந்து, தன் குரலிலேயே பாடங்களைப் பதிவுசெய்து, படங்கள் சேர்த்து ஒரு சிடி தயாரித்தார். பள்ளியில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் ஆசிரியருக்கு விருது தருவதாகச் சென்னையில் ஓர் அறக்கட்டளை அறிவித்தபோது, அந்தச் சிடியை நான் அனுப்பினேன். என் பெயரில்தான் அனுப்பினேன். பள்ளிக்குப் பொறுப்பு நான்தானே? எல்லாப் பிள்ளைகளும் தினமும் கணினியில் படிக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தேன். விருது வந்தபிறகு படிக்கவைப்பதாகத்தான் எண்ணம்.

கடைசிச் சுற்றுக்குத் தேர்வானோம். ஆய்வுக் குழு நேரில் வரும் என்றார்கள். குழுத் தலைவர் கிரிதர் ஆடிக் கிருத்திகையன்றே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஆய்வுக்கு ஆய்வு, தரிசனத்துக்குத் தரிசனம். கூட்டத்தில் நிற்காமல் சுவாமி பார்க்க நானே ஏற்பாடு செய்தேன். ஊரே காவடியும் கூட்டமுமாக இருக்கும், தெப்பம் முடியும்வரை பள்ளிக்கு விடுமுறை. சொன்னதை மட்டும் செய்யும் சில பிள்ளைகளை வரச்சொல்லி, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று பழக்கிவைத்தேன்.

முதல்நாள் பரணி. மதியம் அனுராதா டீச்சரும் நானும் அறையைச் சரிபார்த்தோம். கம்ப்யூட்டர் அறைக்குப் பின்னால் யூ.பி.எஸ். பாட்டரிகள் வைக்கும் சின்ன அறை ஒன்று இருக்கிறது. ஜன்னல் கிடையாது. பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற அவர் உள்ளே போனார். ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"சிடியில பேரு உங்களுதே இருக்கட்டும் சார். அத நான் கேக்கல. ஆனா நாளைக்கு அவங்க கேட்டா, பிள்ளைங்க இதத் தொட்டதே இல்லன்னு சொல்லிடுவேன். அப்பவாவது தொறந்து விடுவீங்க இல்ல? துணி போட்டு மூடிக்கினு இருக்கறதுக்கா குடுத்தாங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருக்குப் பொய் சொல்ல வராது. நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். மறுநாள் குழு போகும்வரை, அவ்வளவுதான் நினைத்தேன்.

வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. அதை அங்கேயே விட முடியாது. பையில் போட்டு எடுத்துப்போய் மலையடிவாரத்தில் படிக்கட்டு ஆரம்பிக்கும் இடத்தில் வைத்தேன். ஆந்திராவிலிருந்து வந்தவர்கள் கழற்றிவிட்ட செருப்பு அங்கே குவியல் குவியலாகக் கிடக்கும். யாரும் யாருடையதையும் பார்ப்பதில்லை.

அன்று மாலையே அவருடைய அப்பா வீராசாமி தேடிக்கொண்டு வந்தார். "எம் பொண்ணு சொல்லாம எங்கியும் போவாது சார்" என்றார். எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. மனிதரைத் தனியாக அலையவிடக்கூடாது என்று நானும் கூடவே போனேன். படிக்கட்டருகே அவரே செருப்பைக் கண்டுபிடித்தார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்ப மேலதான் போயிருக்குது. வேண்டுதல் எதாச்சும் இருக்கும், நைனாகிட்ட சொல்லாம" என்று கொஞ்சம் சிரித்தார். நானும் ஆமாம் என்றேன். அவருக்கு ஒரு நிம்மதி கிடைத்ததே என்றுதான் எனக்குப் பட்டது.

மறுநாள் குழுவினர் வந்தார்கள். நெற்றியில் விபூதி, கையில் பிரசாதப் பை. செருப்பை வாசலில் கழற்றச் சொன்னதே அவர்களுக்குப் பிடித்திருந்தது. பிள்ளைகள் பொத்தானை அழுத்தினார்கள். ஸ்பீக்கரில் அனுராதா டீச்சர் இலைகள் எப்படிச் சுவாசிக்கின்றன என்று விளக்க ஆரம்பித்தார். குரல் தெளிவாக இருந்தது. அப்போது பாட்டரி அறைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பலமாக இல்லை.

"என்ன சார் அது?" என்றார் கிரிதர்.

"யூ.பி.எஸ். சார். பாட்டரி ஏறும்போது அப்படித்தான் சத்தம் வரும்."

ஸ்னேகா என்று ஒரு மாணவி கதவைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்தாள். நான் ஸ்பீக்கரின் ஒலியைக் கூட்டினேன்.

"யார் குரல் இது? ரொம்ப நல்லா இருக்கே."

"எங்க டீச்சர்தான் சார். வேண்டுதல்னு காவடி எடுத்துண்டு மலைக்குப் போயிருக்கா."

அவர்கள் போனதும் திறந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் திறக்கத்தான் போனேன். கதவருகே நின்றேன். அவர் என் காலடிச் சத்தத்தைத் தெரிந்துகொண்டார். "சார், நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தண்ணி மட்டும் குடுங்க" என்றார். பொய் சொல்ல வராதவர் சொல்லும் அந்த வாக்கை எப்படி நம்புவது? யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். இப்போது சொல்வதற்கு அவரிடம் இன்னும் பெரிய உண்மை இருந்தது. முடிவை ஃபோனில் சொல்வோம் என்று கிரிதர் சொல்லியிருந்தார். ஃபோன் வரும்வரை எதுவும் முடிந்ததாக ஆகாது. தண்ணீராவது கொடுத்திருக்கலாம். ஆனால் தூசி போகாமலிருக்கக் கதவின் அடியில் நானே ரப்பர் பட்டை அடித்திருந்தேன். தண்ணீர் கொடுப்பதென்றால் திறந்தாக வேண்டும்.

தெப்பம் நடந்த மூன்று நாளும் நான் பள்ளியை விட்டு நகரவில்லை. வெளியே அரோகரா சத்தம். நடுநடுவே ஒலிபெருக்கியில், மணவூர் அனுராதா எங்கிருந்தாலும் சரவணப் பொய்கை அருகே வரவும், அப்பா காத்திருக்கிறார் என்று அறிவிப்பு. சோறு இறங்கவில்லை எனக்கு. வீட்டுக்குப் போக முடியாது, கதவைத் திறக்க முடியாது, யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அவர் ஓர் அறையில்தான் மாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஊர் முழுவதுமே அப்படி ஆகிவிட்டது. அந்த வேதனையை உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

தட்டுவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பிறகு நகத்தால் சுரண்டுவது போல இருந்தது. பிறகு அதுவும் இல்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைக்க விரும்பினேன் என்று எழுதிக்கொண்டாலும் சரி, நான் மறுக்கப் போவதில்லை.

கடைசித் தெப்பத்துக்கு மறுநாள் காலை கிரிதர் ஃபோன் செய்தார். விருது எனக்குத்தான் என்றார். நன்றி சொல்லிவிட்டு நேராகப் போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன். அவர் கதவில் சாய்ந்து இருந்திருக்கிறார், திறந்ததும் என் கால்மேல் சரிந்தார். உங்கள் ஆட்கள் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும், சார். ஃபோன் வந்தபிறகு நான் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை.