ரொட்டவேட்டர் கத்தியில ஒட்டின மண்ணு

ஒண்ணு கேக்கறேன் அரி, மனசத் தொட்டு சொல்லு. தன் வூட்டு நோவத் தூக்கினு போயி அடுத்த வூட்ல எறக்கி வச்சிட்டு வரலாமா? இன்னாத்துக்குச் சிரிக்கிற? மொதல்ல டிராக்டர ஆஃப் பண்ணு, டீசல் உன்னுது.

உழுது முடிச்சியே இந்தக் கொல்லி, இதுல போன வருசம் கத்திரி வச்சேன். மத்தியானம் ஆனா செடி தொவண்டுடும், சாயந்தரம் எந்திரிச்சி நிக்கும். ஒண்ணப் புடுங்கிப் பாத்தா, வேரு பூரா முண்டு முண்டா இருக்குது. எனக்கு இன்னா சந்தோசம் தெரியுமா? நாம கடலை போட்டே வளந்தவங்க. கடலை வேருல முடிச்சு இருந்தா மண்ணுக்கு நல்லதுன்னு நைனா காலத்துலர்ந்து தெரியும். கத்திரியும் அப்பிடித்தான்னு நெனச்சி, வல்லம் டீக்கடைல அத்தினி பேருக்கும் காட்டினேன். செல்லுல டிபி வச்சேன். பொண்ணு கல்யாண போட்டோவக்கூட வச்சதில்ல.

தம்பி பச்சமுத்து ஒருத்தன்தான், அண்ணே, இது நல்லதாத் தெரியல, செஞ்சி விவசாய ஆபீசுல காட்டுன்னான். உனக்கு வயித்தெரிச்சலாடான்னு அங்கியே கேட்டுட்டேன். அன்னிலர்ந்து பேச்சு இல்ல. எதிர்க்க வந்தா நான் வானத்தப் பாப்பேன், அவன் தரையப் பாப்பான்.

செடி குட்டையாவே நின்னுடுச்சி, காயும் இல்ல. அப்புறம்தான் ஆபீசுக்குப் போனேன். மேடம் வேரக் கழுவி, நகத்தால நிமிண்டுங்கன்னாங்க. கடலை முடிச்சுன்னா உதிர்ந்துடும். இது உதிரல, வேரே வீங்கிக் கெடக்குது. உள்ள நூற்புழுவாம், கண்ணுக்கே தெரியாது. அதுக்குச் சோறு போட்டு, வெளம்பரமும் பண்ணியிருக்கேன். இப்ப டீக்கடைல எனக்கு முண்டு தனகோட்டின்னு பேரு. கரெக்ட்டுதான். அகம்பாவமும் அப்பிடித்தாம்பா, வீக்கத்தையே வெளச்சல்னு காட்டும்.

அந்தப் புழு தானா ரொம்ப தூரம் போவாதாம். நாத்துல, தண்ணியில, ஏர்ல ஒட்டின மண்ணுல ஏறித்தான் போவுமாம். உன் ரொட்டவேட்டரத் திரும்பிப் பாரு, கத்தி பூரா என் மண்ணு. இத்தோட அடுத்து எங்க போற?

ஆமா, பச்சமுத்து கொல்லி. நாளைக்குக் கத்திரி நாத்து நடறான்னு கேள்விப்பட்டேன்.

அதான் நிறுத்தினேன். மோட்டார் ஓடினு இருக்குது, ஓஸ் இழுத்துப் போட்டிருக்கேன். நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்லாத. இங்கியே கழுவு, அழுக்குத் தண்ணி என் கொல்லியிலயே நிக்கட்டும். டயர நான் தேய்க்கிறேன். நான் சொன்னேன்னு அவங்கிட்ட சொல்லாத.

இல்ல, சொல்லு. அண்ணன்தான் கழுவி அனுப்பிச்சாருன்னு சொல்லு. எறங்குப்பா, கரண்ட் போறதுக்குள்ள எறங்கு.