முந்நூறு கலோரி

ராமநாதபுரத்திலிருந்து வாலிநோக்கம் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரி மாணவிகள். அன்றாடச் சாப்பாட்டின் கலோரியைக் கூட்டிச் சொல்ல ஜாவாவில் ஒரு புரோகிராம், அவர்களுடைய முதல் புரோகிராம். மடியில் லேப்டாப் வைத்திருந்தவள் சொன்னாள்:

“எங்க உம்மா முந்நூறு கலோரியில ஒரு நாள ஓட்டுறாங்கன்னு ஜாவா சொல்லுதுடி.”

“நோம்பு நேரந்தானே?”

“அதுக்குன்னு இம்புட்டா கொறையும்? நேத்துக் குடிச்ச கஞ்சி, ராத்திரி ரெண்டு இடியாப்பம், எல்லாம் போட்டுட்டேன்.”

தோழி திரையை எட்டிப் பார்த்தாள். “சகர் சாப்பாட்டுக்கு நேரா பூஜ்யம் நிக்குது பாரு. நீ எதுவும் போடலைன்னா ஜாவா அதுவா பூஜ்யம்னு வச்சுக்கும்.”

“சகருக்கு விடியுமுன்ன எழுப்பி எங்க அஞ்சு பேருக்கும் சோறு வச்சாங்க. அவங்க என்ன சாப்ட்டாங்கன்னு நான் பாக்கலையே.”

“போன் போட்டுக் கேளு.”

கேட்டாள். மறுமுனைப் பேச்சு எனக்குக் கேட்கவில்லை. “தெனமுமா உம்மா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள்.

“என்னவாம்?”

“எல்லாருக்கும் வச்சு முடிக்கிறதுக்குள்ள பாங்கு சொல்லி நோம்பு நேரம் ஆரம்பிச்சுருதாம். அதுக்கு முன்ன ஒரு செம்பு தண்ணி குடிச்சுக்கிறாங்களாம். அம்புட்டுத்தான்.”

தோழி மறுபடி திரையைப் பார்த்தாள்.

“அப்ப அந்தப் பூஜ்யம் சரிதான்டி.”