டிராயிங் பீரியடும் ஒரு பீரியடுதான்

கணக்கு வாத்தியாருக்குக் காய்ச்சல் வந்து நான் பார்த்ததில்லை, மேடம். தமிழ் ஐயாவுக்கு வரும், சயின்ஸ் மிஸ்ஸுக்கு வரும், எனக்கு மழைக்காலம் முழுக்க வரும். கணக்கு வாத்தியார் மட்டும் ஒரு நாள் தவறாமல் வந்துவிடுவார். வந்து என் வகுப்பு வாசலில் தலையை நீட்டி, "சார், போர்ஷன் முடியல, இந்தப் பீரியடைக் குடுத்துடுங்களேன்" என்பார். கேட்கிற மாதிரிதான் இருக்கும். ஆனால் அதற்குள் அவருடைய ஒரு கால் வகுப்புக்குள் இருக்கும்.

என் பெயர் சிவராமன். அம்பத்தூர் மேனாம்பேட்டில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஓவிய ஆசிரியர். ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்தியபோது, செல்போன் தொலைந்துவிட்டதா என்று உங்கள் காவலர் கேட்டார். அதற்கில்லை. எங்கள் பள்ளியில் கார்த்திகா என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு ஓவிய அறையில் கையில் உளி பாய்ந்தது. அதைப் பற்றி நீங்கள் எழுதி வைத்திருப்பதில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கும். பாதியில் நிறுத்தாதீர்கள். வருஷக்கணக்காக என்னைப் பாதியில்தான் நிறுத்துகிறார்கள்.

ஓவிய ஆசிரியர் என்றால் பள்ளியில் என்ன வேலை தெரியுமா? ஆண்டு விழா மேடைக்குத் தெர்மோகோல் வெட்டுவது. சிறப்பு விருந்தினர் பெயரைக் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் எழுதுவது. எங்கள் தாளாளர் ஜம்புலிங்கம் வீட்டுக் கல்யாணத்தில் மணமக்கள் பெயரை வெட்டி ஒட்டியதும் நான்தான். வகுப்பு எடுப்பது மட்டும் நடக்காது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு டிராயிங் என்று அட்டவணையில் போட்டிருந்தால், அன்றைக்குக் கணக்கில் டெஸ்ட் என்று பிள்ளைகளே புரிந்துகொள்வார்கள். நான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பென்சில் சீவுவேன். கேட்டுப் பார்த்தேன். எழுதிக் கொடுத்தும் பார்த்தேன். "உங்க சப்ஜெக்ட்ல யாரும் ஃபெயில் ஆகப் போறதில்லையே சார்" என்றார் தாளாளர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபெயில் ஆக முடியாத பாடத்தை எவனும் மதிக்கமாட்டான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் இந்தப் பக்கம் பெரிய பெரிய அடுக்குமாடிகள் வந்தன. ஐ.டி.யில் வேலை பார்க்கிற பெற்றோர்கள் பிள்ளையைச் சேர்க்க வந்தால், படிப்பைத் தவிர வேறு என்ன உண்டு என்று கேட்டார்கள். தாளாளர் உடனே வாசலில் ஒரு பேனர் கட்டினார். விஷுவல் ஆர்ட்ஸ் வகுப்புகள் உண்டு என்று போட்டிருந்தது. எனக்கு ஓர் அறை கிடைத்தது, கெமிஸ்ட்ரி லேபின் உடைசல் சாமான் போட்டிருந்த அறை. நானே ஒட்டடை அடித்தேன், நானே வெள்ளையடித்தேன். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. ஆண்டு விழாக் கண்காட்சியைப் பார்த்துப் பெற்றோர்கள் அசந்து போக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் அந்த அறை ரோபோட்டிக்ஸுக்குப் போய்விடும்.

யாரை வைத்து அசத்துவது? வகுப்பில் பாதிப் பேர் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு குடிசை வரைவார்கள். ஆவடியில் பிறந்து அம்பத்தூரில் படிக்கிற பிள்ளைக்கு மலை எங்கிருந்து வந்ததோ. அபிஷேக் என்று ஒரு பையன் கார் மட்டும் வரைவான். வர்ஷா என்ற பெண் செல்போன் மேல் தாளை வைத்து அப்படியே நகல் எடுத்துவிட்டு, சொந்தமாக வரைந்தேன் என்று சத்தியம் செய்வாள்.

கார்த்திகா வேறு மாதிரி. ஒரு நாள், கண்ணில் படுகிற எதையாவது வரையுங்கள் என்றேன். அவள் எங்கள் வாட்ச்மேன் முனியனின் செருப்பை வரைந்தாள். இடது செருப்பின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. முனியனை ஒரு தடவைகூடப் பார்க்காதவன் அந்தப் படத்தைப் பார்த்தாலும், அவன் எந்தக் காலைச் சாய்த்து நடக்கிறான் என்று சொல்லிவிடுவான். அந்தத் தாளை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அப்படி ஒரு கோடு வராது. அதில் எனக்கு வருத்தமில்லை. சொல்லப்போனால் அந்த வருஷம்தான் பள்ளிக்குப் போக எனக்கே ஆசையாக இருந்தது.

எங்கள் பி.டி. மாஸ்டர் தேவா நல்லவன். இந்த ஊர்க்காரன், கள்ளிக்குப்பத்தில் வீடு. ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னான்: "அண்ணாத்தே, அந்தக் கார்த்திகா பொண்ணு கையப் பாத்துகீறியா? இன்னாமா பந்தத் தூக்கிக் குடுக்குது. செலக்‌ஷன் மட்டும் ஆவட்டும், ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு இட்டுகினு பூடுவாங்க."

வாலிபால், மேடம். தாவி அடிக்கிறவளுக்கு ஏற்றபடி பந்தை விரல் நுனியால் எடுத்துக் கொடுக்க ஒருத்தி வேண்டுமாம். அது இவளாம். அந்தக் கையை உனக்கு முன்னாலேயே பார்த்தவன் நான் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் கணக்கு வாத்தியார் விட்டுவைத்த பீரியடுகளிலும் கார்த்திகா மைதானத்தில் இருந்தாள். ஜன்னல் வழியாக விசில் சத்தம் கேட்கும். நான் அபிஷேக்கின் கார்களுக்குச் சக்கரம் திருத்திக்கொண்டிருப்பேன்.

அவள் அப்பா குணசேகரனைப் போய்ப் பார்த்தேன். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, ஆவடியில் குவார்ட்டர்ஸ், விருதுநகர்ப் பக்கத்துக்காரர். மரியாதையாக உட்கார வைத்து மிக்சர் எல்லாம் கொடுத்தார். "படம் போட்டா என்ன சார் கெடைக்கும்? பந்து வெளையாண்டா காலேஜ்ல எடம், பெறகு ரயில்வேல வேலைன்னு சொல்றாக. எம்புள்ள வாழ்க்கை செட்டிலாயிரும்ல" என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவளிடமே கேட்டேன். ஓவியம் பிடிக்கவில்லையா என்றேன். "பிடிக்கும் சார். ஆனா வரையறப்போ நான் மட்டும் தனியா இருக்கேன். கோர்ட்ல ஆறு பேர் இருக்கோம் சார்" என்றாள். கடவுள் ஒருத்திக்கு அப்படி ஒரு கையைக் கொடுத்திருக்கிறார். அவளோ துணைக்கு ஆள் வேண்டும் என்று பந்து பொறுக்கப் போகிறாள். செலக்‌ஷன் அடுத்த வாரம். அதில் அவள் தேறுவது நிச்சயம். தேறினால் ஹாஸ்டலுக்குப் போய்விடுவாள். கண்காட்சிச் சுவரில் மலையும் சூரியனும் தொங்கும்.

லினோ வேலை பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. தரைவிரிப்பு மாதிரி ஒரு தகடு. அதில் சின்ன உளியால் படத்தைச் செதுக்கி, மை தடவித் தாளில் அழுத்தினால் படம் அச்சாகும். தகடு பழசானால் இறுகிப் போகும். அதனால் மொட்டை மாடி வெயிலில் கொஞ்ச நேரம் காய வைத்து, இளகிய பிறகுதான் பிள்ளைகள் கையில் கொடுப்பேன். உளி கூராக இருக்க வேண்டும். மழுங்கின உளிதான் ஆபத்து, அழுத்த அழுத்த வழுக்கும். தகடு நகராமல் இருக்க ஆளுக்கொரு தடுப்புப் பலகை தச்சரிடம் சொல்லிச் செய்து வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. தகட்டைப் பிடிக்கிற கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும். இத்தனை வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்.

கண்காட்சிக்கு ஒரே ஒரு லினோ செதுக்கிக் கொடுத்துவிட்டுப் போ என்று கார்த்திகாவைக் கூப்பிட்டேன். மறுக்கத் தெரியாத பெண், மதிய இடைவேளையில் வந்தாள். மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மேகமூட்டம், தகட்டைக் காய வைக்க முடியவில்லை என்று உங்கள் எஸ்.ஐ.யிடம் சொல்லியிருந்தேன். அது சரியில்லை. நல்ல வெயில். தகட்டை நான் மாடிக்கு எடுத்துப் போகவில்லை. பீரோவின் அடியில் கிடந்ததிலேயே பழைய தகட்டைத் தேடி எடுத்தேன். உளிகளில் எது மழுங்கினது என்று எனக்குத் தெரியும், அதைக் கொடுத்தேன். பலகை எங்கே சார் என்று கேட்டாள். உடைந்துவிட்டது, கையாலேயே பிடித்துக்கொள் என்றேன். பலகை பீரோவுக்குள் இருந்தது.

அப்படியும் அவள் கையைப் பின்னால்தான் வைத்தாள். சொல்லிக் கொடுத்ததை மறக்கமாட்டாள். நான் பக்கத்தில் போய், அவள் இடது கையை எடுத்து, உளி போகிற வழிக்கு நேர் எதிரே வைத்தேன். "இப்படிப் பிடித்தால் கோடு ஆடாது, நன்றாக அழுத்து" என்றேன்.

நான் குத்தவில்லை. அழுத்தியது அவள்தான்.

இடது கை, மேடம். அதை யாரும் கவனிக்கவில்லை. அவள் வரைவது வலது கையால். செலக்‌ஷனுக்குப் போக முடியாதபடி சின்னதாக ஒரு காயம், நாலு தையல், அவ்வளவுதான் நினைத்தேன் என்று வீட்டில் உட்கார்ந்து எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். திருத்த வந்தவன் எல்லாவற்றையும் திருத்திவிட வேண்டும். கையை வரையச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். தோலுக்குக் கீழே எந்தத் தசைநாண் எந்த விரலை இழுக்கிறது என்று கரும்பலகையில் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். கட்டைவிரலை இழுக்கிற தசைநாண் எந்த இடத்தில் மேலாக ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அவள் கையை அந்த இடத்துக்குத்தான் திருப்பி வைத்தேன்.

கைக்குட்டையால் கட்டி, ஆட்டோ பிடித்து, மடியில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் நான்தான். ஆபரேஷன் செய்த டாக்டர், இந்த விரலால் இனி டம்ளர் பிடிக்கலாம், பந்தைத் தள்ள முடியாது என்றார். தேவா அங்கேயே வராண்டாவில் உட்கார்ந்து அழுதான். "ஒண்ணியும் வோணாம் அண்ணாத்தே, அது கை நல்லா ஆனா போதும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கு அவன் மேல் கோபமாகக்கூட வந்தது. வலது கை முழுசாக இருக்கிறதே, அதை ஒருவரும் பேசவில்லையே.

இப்போது என் குறையைச் சொல்கிறேன். அடுத்த நாளே பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்துவிட்டார்கள். டிராயிங் வகுப்பில் கத்தி எதற்கு என்று வர்ஷாவின் அம்மா ரேவதி கேட்டாராம். ஓவியமே ஆபத்தான பாடம் என்று ஆகிவிட்டது. தாளாளர் அறையைப் பூட்டினார். பேனரில் என் வகுப்பு இருந்த இடத்தில் வேறு தாளை ஒட்டினார். என் பீரியடுகளைப் பங்கு போட்டார்கள். போன வாரம் அறையைத் திறந்திருந்தார்கள் என்று ஆசையோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். உள்ளே கணக்கு ஸ்பெஷல் கிளாஸ். நான் வெள்ளையடித்த சுவரில் அல்ஜீப்ரா.

அதனால்தான் வந்தேன். தவறு ஓவியத்தின் மேல் இல்லை, லினோ மேலும் இல்லை. முறைப்படி செய்தால் அதைவிடப் பாதுகாப்பான வேலை கிடையாது. இது விபத்து இல்லை, ஒருவன் வேண்டுமென்றே செய்தது என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், அறையை மூடி வைக்கத் தாளாளருக்குக் காரணம் இருக்காது. என்னை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். வேறு வாத்தியாரைப் போட்டுக்கொள்ளட்டும். பீரியடைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்கிறீர்கள். யாருக்கும் தெரியாது, கார்த்திகாவுக்கும் தெரியாது. நேற்று சாயந்திரம் குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தேன், புது பென்சில்களும் நல்ல தாளும் வாங்கிக்கொண்டு. குணசேகரன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லைன்னா அன்னைக்கு என்ன ஆயிருக்குமோ சார்" என்றார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பென்சில் டப்பாவைத் தொடவில்லை. "சார், நீங்க வெச்ச மாதிரியேதான் கைய வெச்சேன். எங்க சார் தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள்.

கவனம் போதவில்லை, மனசு பந்தில் இருந்திருக்கும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம் சார் என்று தலையாட்டினாள். நல்ல மாணவி, மேடம். தப்பை எடுத்துச் சொன்னால் ஒத்துக்கொள்வாள்.