இருபத்தேழாவது வரி

இல்ல சார், அந்த நாற்காலில உக்காராதீங்க, ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் உங்ககிட்ட ஒப்படைச்சுட்டுக் கெளம்பச் சொல்லியிருக்காங்க. பாஸ்வேர்டெல்லாம் இந்த நோட்டுல இருக்கு. என் கையெழுத்து அப்படித்தான், கோழி கிளறின மாதிரி.

முக்கியமானது ஒரே ஒரு ஃபைல்தான். நான் வந்த புதுசுல இங்க இருநூத்திப் பத்து மெஷின். ஒவ்வொண்ணுலயும் பிரவுசரத் தெறந்து, இன்டர்நெட்டுக்கு நடுவுல வாட்ச்மேன் மாதிரி நிக்குதே ப்ராக்ஸி சர்வர், அதோட நம்பரக் கையால அடிக்கணும். எங்கயாவது ஒரு புள்ளி விட்டுப்போச்சுன்னா, இன்டர்நெட் வரலன்னு என் உசுர எடுத்துருவாங்க. மாடி ஏறி எறங்கியே முட்டி தேஞ்சுபோச்சு. அப்புறம்தான் இதப் பண்ணேன். காலைல மெஷினப் போட்டா பிரவுசரே தானா இந்த ஃபைலப் படிச்சுக்கும். எது ப்ராக்ஸி வழியா போகணும், எது நேராப் போகணும், எல்லாம் இதுலயே இருக்கு. யார் சீட்டுக்கும் போக வேணாம். இங்க ஒரு வரிய மாத்துனா மறுநாள் காலைல கட்டடமே மாறிரும், ஒருத்தருக்கும் தெரியாது. அதுல எனக்குக் கொஞ்சம் பெருமை கூட உண்டு, சிரிக்காதீங்க.

ஆமா, ப்ராக்ஸி வழியா போனா பதிவாகும். யார் மெஷின்ல எந்த சைட்டுன்னு பட்டியல். வெள்ளிக்கிழமை ப்ரிண்ட் எடுத்து மேனேஜர் மேசைல வைக்கணும். அந்த மனுசன் நியூஸ் பேப்பர் மாதிரி வரி விடாமப் படிப்பாரு. பில்லிங்ல ஒருத்தர் டயாலிசிஸ் பத்திப் பாத்தாரு. அடுத்த மாசம் அவரு ஒப்பந்தத்தப் புதுப்பிக்கல. கேட்டா ஆள் குறைப்புங்கிறாங்க. பட்டியல எடுத்துக் குடுத்தது இந்தக் கைதான்.

என்னைய ஏன் அனுப்புறாங்கன்னு சொல்லலியா? இந்த ஃபைல்ல இருபத்தேழாவது வரி. ஒரு மெஷின மட்டும் ப்ராக்ஸி பக்கமே போகாம நேரா விட்டிருந்தேன். ஆடிட்காரங்க புடிச்சுட்டாங்க. டெஸ்டுக்குப் போட்டேன், எடுக்க மறந்துட்டேன்னு சொன்னேன். கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. எழுதிக்கட்டும்.

அது மூணாவது மாடில, ஜன்னலோர மெஷின். ஆறு மாசம் முன்னாடி பட்டியல எடுக்கும்போது பாத்தேன். ஒரே நோயோட பேர் போட்ட சைட்டா வந்துகிட்டு இருக்கு. தெனமும் மத்தியானம் ஒரு மணிக்கு, எல்லாரும் சாப்பிடப் போனப்புறம். பட்டியல்ல சைட் பேருதான வரும், உள்ள என்ன படிச்சாங்கன்னு வராதே. எந்தக் கட்டம், எத்தனை நாள், ஒண்ணும் வராது. நானும் திருப்பித் திருப்பிப் பாத்தேன். அத அழிச்சுட்டு, அன்னைக்கே இந்த வரியப் போட்டேன். வேலை இருந்தாத்தான சார் கம்பெனி வைத்தியச் செலவப் பாக்கும்?

அதனால ஒரு உதவி. அந்த வரி மட்டும் இன்னும் ஒரு மூணு மாசம்...

என்னது? ஆடிட்காரங்களோட உக்காந்து மத்தியானமே எடுத்துட்டீங்களா?

சேச்சே, உங்க மேல என்ன தப்பு. சொன்னதச் செஞ்சீங்க. அப்ப நாளைக்குக் காலைல மெஷினப் போட்டதும் தானா எடுத்துக்கும். நல்லாத்தான் பண்ணி வெச்சிருக்கேன்.

இனிமே இங்க பாக்காதன்னு சொல்லலாம், நேர்லயே சொல்லலாம். ஆனா எனக்குத் தெரியும்னு தெரிஞ்சிருமே சார். எங்கிட்டேருந்து மறைக்கத்தான வீட்டுல பாக்காம இங்க வந்து பாத்துச்சு.

சரி, இந்தாங்க சாவி. அஞ்சரை ஆச்சு, என் சம்சாரம் கீழ வண்டிகிட்ட வந்து நிப்பா. மூணு மாடி எறங்கவே இப்பெல்லாம் மூச்சு வாங்குது அவளுக்கு. வீட்டுக்கு முக்கா மணி நேரம். அதுக்குள்ள எங்க ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல.